புல்லைப் பிடுங்கினால் பணம்!

"அத்தை, எங்கள் வீட்டு வாசல் புல்லைப் பிடுங்கிப் போட்டால் தண்ணீர் இலாகா பணம் தருகிறதாம்! அப்பாதான் வேண்டாம் என்கிறார். நீங்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்."

2022-ஆம் ஆண்டில் ஒரு நாள் இரவு, பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் என் அண்ணன் மகள் அமெரிக்காவிலிருந்து போன் செய்தாள். நமக்கு இரவென்றால் அவர்களுக்குக் காலை. கல்யாணமாகிப் போன அவள், நெவாடா மாநிலத்தில் லாஸ் வேகாஸ் நகரத்தை ஒட்டிய ஓர் ஊரில் குடியிருக்கிறாள். என் அண்ணன் அப்போது மகள் வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கியிருந்தார்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தோட்டத்தில் பிறந்தவர்கள் நாம். புல் வெட்டக் கூலி வாங்கியிருக்கிறோம், லாலாங் பிடுங்கக் கூலி வாங்கியிருக்கிறோம். ஆனால் சொந்த வீட்டுப் புல்லைப் பிடுங்க அரசாங்கம் பணம் கொடுக்கும் என்பதை எங்கே கேட்டிருக்கிறோம்? பிறகு அவள் விவரமாகச் சொன்னாள். நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

பாலைவனத்தில் பச்சைக் கம்பளம்

லாஸ் வேகாஸ் என்றால் விளக்குகளும் சூதாட்ட மாளிகைகளும்தான் பலருக்கு நினைவு வரும். உண்மையில் அது பாலைவனத்து நகரம். அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர். நம் ஊரில் ஒரே ஒரு நாள் சாயங்காலம் அடித்துப் பெய்தால் அவ்வளவு வந்துவிடும்.

அந்த மண்ணில் வீட்டுக்கு வீடு புல்வெளி வைத்தார்கள். மழை தாராளமாகப் பெய்யும் நாட்டிலிருந்து வந்த பழக்கம் அது. அந்தப் பகுதியின் தண்ணீர் வாரியமான தென் நெவாடா நீர் வாரியம் பல ஆண்டுகள் மீட்டர் வைத்து அளந்து பார்த்து, 2005-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு சதுர அடி புல்லுக்கு ஆண்டுக்கு 73 கேலன், அதாவது 276 லிட்டர் தண்ணீர் போகிறது. அதே இடத்தில் வறட்சியைத் தாங்கும் செடிகளை வைத்தால் 17 கேலன் போதும்.

நான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சதுர அடிக்கு 276 லிட்டர் என்றால், அது 3,000 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். தீபகற்ப மலேசியாவில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழையே சராசரி 2,500 மில்லிமீட்டர் அளவுதான். நமக்கு வானம் இலவசமாகத் தருவதை அவர்கள் குழாய் வழியாகப் புல்லுக்குப் பெய்வித்துக்கொண்டிருந்தார்கள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பக்கத்து வீடுகளில் வெயில் காலத்தில் பரவலாக வளரும் புல்லுக்கு பெர்முடா புல் என்று பெயர். அது வேறொன்றுமில்லை, நம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அந்த நகரத்துத் தண்ணீரில் பெரும்பகுதி கொலராடோ ஆற்றினுடையது. ஹூவர் அணையைக் கட்டி 1930-களில் தேக்கிய மீட் ஏரியிலிருந்து எடுக்கிறார்கள். இந்த ஆற்றை ஏழு மாநிலங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. 1922-ல் ஆற்றை மேல்பகுதி, கீழ்ப்பகுதி என்று பிரித்து உடன்படிக்கை செய்தார்கள். பிறகு கீழ்ப்பகுதி மாநிலங்களுக்குள் பங்கு பிரித்தபோது கலிபோர்னியாவுக்கு 44 பங்கு, அரிசோனாவுக்கு 28 பங்கு, நெவாடாவுக்கு வெறும் 3 பங்கு என்ற கணக்கில் முடிந்தது. அப்போது லாஸ் வேகாஸ் சில ஆயிரம் பேர் இருந்த சிற்றூர். இன்று அந்தப் பள்ளத்தாக்கில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். பங்கு மட்டும் அதே பங்குதான்.

2000-க்குப் பிறகு ஆற்றில் வரத்து குறைந்தது. நிரம்பினால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,220 அடி உயரத்துக்கு நிற்கும் மீட் ஏரி, 2022 ஜூலையில் 1,040 அடிக்கு இறங்கியது. ஏரி முதன்முதலில் நிரம்பத் தொடங்கிய 1930-களுக்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததே இல்லை. எப்போதோ மூழ்கிய படகுகள் சேற்றில் தலை காட்டின. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு முதன்முறையாகப் பற்றாக்குறை என்று அறிவித்து, 2022-க்கு நெவாடாவின் பங்கில் 7 விழுக்காட்டைக் குறைத்தது.

குளிப்பதைக் குறைக்கச் சொல்லாமல், புல்லைப் பிடுங்கச் சொல்வானேன்? இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. லாஸ் வேகாஸில் குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர், கழிவறைத் தண்ணீர் எல்லாம் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகின்றன. அங்கே சுத்தமாகி, ஓர் ஓடை வழியாகத் திரும்பவும் மீட் ஏரிக்கே சேர்கின்றன. எவ்வளவு திருப்பி அனுப்புகிறார்களோ அவ்வளவை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். ஆகவே வீட்டுக்குள் புழங்கும் தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியே புல்லில் விடுகிற தண்ணீரோ வெயிலில் ஆவியாகப் போய்விடுகிறது. போனது போனதுதான்.

அதனால்தான் 1999 முதல் அந்த வாரியம், புல்லை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடிகளை வைப்பவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்து வருகிறது. 2022-ல் சதுர அடிக்கு 3 டாலர், 10,000 சதுர அடிக்கு மேல் போனால் மிச்சத்துக்கு 1.50 டாலர் என்று கொடுத்தார்கள். 2024-ல் வீட்டுக்காரர்களுக்கு 5 டாலராக உயர்த்தினார்கள். தொடங்கிய நாளிலிருந்து 20 கோடி சதுர அடிக்கு மேல் புல் எடுக்கப்பட்டிருக்கிறது.

அண்ணன் ஏன் வேண்டாம் என்றார்?

என் அண்ணன் எங்கள் வீட்டில் எட்டுப் பேரில் மூத்தவர். நான் கடைக்குட்டி. அவர் சிறு பையனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்கார துரை இருந்தார். மேட்டில் துரையின் பங்களா, அதைச் சுற்றிப் பச்சைப் பசேல் என்று புல்தரை. அப்பா மாதத்தில் சில நாள் அங்கே புல் வெட்டப் போவார். சோறு கொண்டுபோகும் அண்ணன் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஒரு நாள் பந்து எடுக்கப் புல்லில் கால் வைத்ததற்காக, பங்களா வேலைக்காரர் அவரைக் காதைப் பிடித்து இழுத்து வெளியே விட்டாராம். கீழே லயத்தில் இருபது வீட்டுக்கு ஒரு பைப்படி. காலையில் வாளி வைத்து வரிசை பிடிக்க வேண்டும். மேலே புல்லுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவர், மகள் சொந்தமாக வாங்கிய வீட்டின் முன்னால் ஆயிரம் சதுர அடிக்குப் புல்வெளி இருந்ததைப் பார்த்ததும் பூரித்துப் போனார். காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடப்பார். நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடிப்பார்.

நான் போனில் பேசியபோது அவர் சொன்னார்: "தங்கச்சி, அந்தப் புல்லு மேல காலு வைக்க எனக்கு ஐம்பது வருஷம் ஆச்சு. இப்ப காசு தர்றான்னு பிடுங்கிப் போடச் சொல்றாங்க."

எனக்கு ஒன்றும் பேச வாயில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவள்தான் நான். ஆனாலும் அண்ணன் சொன்னது பொய்யென்று எப்படிச் சொல்வேன்?

மாப்பிள்ளை கெட்டிக்காரர். வாதம் செய்யாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரைக் காரில் ஏற்றி மீட் ஏரிக்கு அழைத்துப் போனார். பாறைச் சுவரில் பழைய தண்ணீர் மட்டம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. தண்ணீர் எங்கோ கீழே கிடந்தது. படகுத்துறை இருந்த இடத்தில் வெறும் மண். அண்ணன் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். திரும்பி வரும்போது, "இது பைப்படிக் கதைதான் மாப்பிள்ளை. மேலே ஒருத்தன் திறந்து விட்டா கீழே ஒருத்தனுக்கு இல்லாமப் போகுது. இப்ப மேலே இருக்கிறது நாம" என்றாராம். அதற்கு மேல் அவர் தடை சொல்லவில்லை.

பணம் வாங்கும் முறை

இந்த ஊக்கத்தொகை சும்மா கையில் வந்து விழுவதில்லை. நிபந்தனைகள் உண்டு. அவற்றின் காரணமும் புரிந்துகொள்ளத் தக்கது.

முதலாவது, புல்லில் கை வைப்பதற்கு முன்பே விண்ணப்பம் செய்ய வேண்டும். வாரியத்து ஆள் வந்து இடத்தை அளந்து, புல் இருக்கிறது என்பதை உறுதி செய்து, அனுமதி தந்த பிறகுதான் வேலையைத் தொடங்கலாம். இல்லாத புல்லுக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

இரண்டாவது, புதிதாக நடும் செடிகள் முழுதாக வளர்ந்த பிறகு, புல் எடுத்த இடத்தில் குறைந்தது பாதியை மூட வேண்டும். வெறும் கல்லைக் கொட்டிவிட்டுப் பணம் கேட்க முடியாது. எந்தச் செடி எவ்வளவு இடத்தை மூடும் என்று வாரியமே பட்டியல் வைத்திருக்கிறது. அதைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது, தண்ணீர் தெளிப்பானை எடுத்துவிட்டுச் சொட்டு நீர்க் குழாய் போட வேண்டும். அதில் அழுத்தத்தைக் குறைக்கும் கருவியும் வடிகட்டியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் பிய்த்துக்கொள்ளும், துளைகள் அடைத்துக்கொள்ளும்.

நான்காவது, செடிகளுக்கு இடையே தரை தெரியாமல் மரச்சீவல் அல்லது சிறு கற்களைப் பரப்ப வேண்டும். ஈரம் காக்கவும் களையை அடக்கவும் இது உதவும். மழைநீர் மண்ணுக்குள் இறங்க முடியாதபடி சிமெண்டு போட்டு மூடினால் பணம் கிடையாது.

கடைசியாக, வேலை முடிந்ததும் தெரிவித்தால் பரிசோதனை செய்துவிட்டுக் காசோலை அனுப்புவார்கள். பணம் வாங்கிய இடத்தில் மறுபடியும் புல் வளர்க்கக் கூடாது.

எங்கே பிசகியது?

அண்ணன் மகள் வீட்டில் முதல் நிபந்தனையிலேயே பிசகிவிட்டது. தோட்ட வேலைக்குக் குத்தகை பேசிய ஆள், "விண்ணப்பம்தானே, பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லி, சனிக்கிழமை காலையிலேயே மண்வெட்டியோடு வந்து இறங்கிவிட்டார். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். என் மருமகள் விஷயம் தெரிந்து ஓடி வந்து நிறுத்துவதற்குள், இருபது அடிக்குப் பதினைந்து அடி இடத்தில் புல் போய்விட்டது. முந்நூறு சதுர அடி! அளக்க வந்த அதிகாரி மரியாதையாகவே சொல்லிவிட்டார்: புல் இருக்கிற இடத்துக்குத்தான் கணக்கு. கைக்கு வந்திருக்க வேண்டிய 3,000 டாலரில் 2,100 டாலர்தான் வந்தது. மிச்சம் 900 டாலர் அவசரத்துக்குக் கொடுத்த அபராதம். குத்தகைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அருகம்புல்லை ஒழிப்பதும் இலேசான வேலையல்ல. மேலே செதுக்கினால் போதாது. மண்ணுக்குள் ஓடும் தண்டில் ஒரு கணு மிஞ்சினாலும் மறுபடி தலை தூக்கும். லாலாங் தோண்டிய நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெயில் காலத்தில் ஒளி புகும் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை மண்ணால் இறுக்கி, ஆறு வாரம் வரை விட்டால் சூட்டிலேயே வெந்துவிடும். களைக்கொல்லி அடிப்பதென்றால் புல் நன்றாகத் துளிர்த்திருக்கும் சமயத்தில் அடிக்க வேண்டும். காய்ந்து கிடக்கும்போது அடித்தால் மருந்து வேருக்கு இறங்காது.

அவர்கள் வாசலில் இப்போது என்ன இருக்கிறது தெரியுமா? கற்றாழை வகைகள், ரோஸ்மேரி, உண்ணிச்செடி, நம் ஊர் மதில்களில் தொங்கும் காகிதப்பூ, நடுவில் பாலைவனத்து வில்லோ என்ற பூமரம். பாதிக்கு மேல் நமக்குத் தெரிந்த முகங்கள்தான்.

மறுபக்கமும் உண்டு

இந்தத் திட்டத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்து மாநிலமான கலிபோர்னியாவில் 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி, பனி மூடியிருக்க வேண்டிய மலையில் வெறும் புல்தரையில் நின்றுகொண்டு, நகரங்கள் தண்ணீர்ச் செலவில் 25 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும் என்று ஆளுநர் ஜெரி பிரவுன் உத்தரவிட்டார். ஐந்து கோடி சதுர அடி புல்லை மாற்றுவதும் அந்த உத்தரவில் இருந்தது. தென் கலிபோர்னியாவின் நீர் வாரியம் சதுர அடிக்கு 2 டாலர் கொடுத்தது. மக்கள் முட்டி மோதினார்கள். 34 கோடி டாலர் வரை ஒதுக்கிய பணம் அந்த ஜூலைக்குள்ளேயே தீர்ந்துவிட்டது.

அப்போது சில குத்தகைக்காரர்கள், "ஊக்கத்தொகையை எங்களுக்கு எழுதிக் கொடுங்கள், வேலையை இலவசமாகச் செய்கிறோம்" என்று தெருத் தெருவாக வந்தார்கள். கல்லைக் கொட்டி, நாலு செடியை நட்டுவிட்டுப் போனார்கள். செடி பட்டுப்போனது, கல் நெருப்பாய்ச் சுட்டது. பெரிய வீடும் பெரிய புல்வெளியும் உள்ளவர்களுக்கே அதிகப் பணம் போகிறது, வாடகை வீட்டுக்காரனுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியும் எழுந்தது. நியாயமான கேள்விதான்.

மரங்களின் கதை இன்னும் வருத்தமானது. புல்லுக்கு விட்ட தண்ணீரில்தான் பல மரங்கள் வாழ்ந்துவந்தன. புல்லோடு தண்ணீரையும் நிறுத்தியபோது மரங்கள் காய்ந்தன. நிழல் போனால் பாலைவன ஊரில் வீடு அடுப்பாகிவிடும். ஆகவே மரத்துக்குத் தனியாகச் சொட்டுக் குழாய் போட வேண்டும் என்று இப்போது வலியுறுத்துகிறார்கள். என் மருமகள் வீட்டிலும் பழைய மரம் ஒன்றைச் சுற்றி வட்டமாகக் குழாய் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஊக்கத்தொகை மட்டும் போதாது என்று நெவாடா மாநிலம் 2021-ல் ஒரு சட்டமும் செய்தது. யாரும் நடக்காத, விளையாடாத, வெறும் அலங்காரப் புல்லுக்கு 2026 முடிவுக்குப் பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீர் விடக் கூடாது என்கிறது அது. சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் இருக்கும் புல்லுக்குத்தான் இந்தத் தடை. தனி வீடுகளுக்கும் பிள்ளைகள் விளையாடும் திடல்களுக்கும் இல்லை.

நமக்கென்ன?

"டீச்சர், நமக்குத்தான் மழை கொட்டுகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். கொட்டுகிறதுதான். ஆனால் 1991-ல் மலாக்காவில் அணை வற்றியதை மறந்துவிட்டோமா? 1998-ல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்ததே! லாரி வந்தால் வாளியோடு ஓடிய பெண்களில் நானும் ஒருத்தி. 2014-ல் சிலாங்கூரில் மறுபடியும் அதே கதை. மழை நாட்டிலும் குழாய் வறளும் என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள்.

என் மருமகளின் ஆயிரம் சதுர அடியில் ஆண்டுக்கு 55,000 கேலன், அதாவது 208,000 லிட்டர் தண்ணீர் மிச்சமாகிறது. நம் நாட்டில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் புழங்குகிறோம். அந்தக் கணக்கில் ஐந்து பேர் குடும்பத்துக்கு ஏறக்குறைய ஏழு மாதத் தண்ணீர் அது.

அவர்களைப் பார்த்து நாமும் கல்லைக் கொட்ட வேண்டாம். அது பாலைவனத்துக்கு உரிய வைத்தியம். மண்ணுக்குத் தக்க செடி என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். அது நமக்குப் புதிதுமல்ல. ரப்பர் மரத்துக்கு அடியில் லாலாங்குக்குப் பதிலாக மூடுபயிர்க் கொடியைப் படரவிட்டு, மண் ஈரத்தைக் காத்தவர்கள் நம் பெற்றோர். இன்று தாமான் வீட்டில் கைப்பிடி இடம் இருந்தால், கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து அதற்கு ஊற்றினாலே போதும்.

இன்னொன்று: எந்த உதவித்தொகையானாலும், வேலையைத் தொடங்கும் முன் விண்ணப்பத்தைப் படியுங்கள். புரியாவிட்டால் படித்தவர்களைக் கேளுங்கள். என் மருமகளின் 900 டாலர் நமக்கெல்லாம் சேர்த்துக் கட்டிய பாடக் கட்டணம்.

அண்ணன் ஊர் திரும்பியபோது, "புல் போனதில் வருத்தமா அண்ணே?" என்று கேட்டேன்.

"ஒரு தொட்டியிலே கொஞ்சம் எடுத்து வச்சுட்டு வந்திருக்கேன் தங்கச்சி, பிள்ளையாருக்கு" என்றார். "பேரன் குளிக்கிறப்ப ஒரு குவளை ஊத்தினா அதுக்குப் போதும்."